நம் வீட்டு ஜன்னலும் உன் வயிற்று வலியும்

பாப்பா,

உன் ஸ்கேன் படங்களும் ரத்தப் பரிசோதனைத் தாள்களும் இருக்கிற நீல நிற ஃபைலின் கடைசியில் இந்தக் கடிதத்தைச் செருகி அம்மாவிடம் கொடுத்து அனுப்புகிறேன். புதன்கிழமை காலையில் உன்னை ஆபரேஷனுக்கு உள்ளே அழைத்துப் போவதற்கு முன் படித்தால் நல்லது. மனமில்லை என்றால் தையில் உன் கல்யாணம் முடிந்து, சாவகாசமாக ஒரு நாள் படி. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும். இருபத்தொன்பது வருடமாக நான் எழுதியதெல்லாம் காவலூர் வானியல் ஆய்வகத்தின் பதிவேட்டில்தான். வானம் தெளிவு, ஈரப்பதம் அதிகம், மேகம் வந்தது, கூரையை மூடிவிட்டோம். நாலு வார்த்தைக்கு மேல் எழுதினால் கை வலிக்கிற ஆள், இன்று காலையிலிருந்து உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன். ஐப்பசி மழை விடாமல் பெய்கிறது. தொலைநோக்கிக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய். “நீங்க ஆஸ்பத்திரிக்கு வர வேணாம் நைனா. அம்மா வந்தா போதும்.” எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெற்ற பெண்ணுக்கு ஆபரேஷன், அப்பன் வீட்டில் உட்கார்ந்து மழையை வேடிக்கை பார்க்க வேண்டுமா? போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலில் போய் நின்றேன். பேசி முடித்துவிட்டு அவள் பின்னாலேயே வந்தாள். “கோச்சிக்காதீங்க. நீங்க கிட்ட இருந்தா அவளுக்கு வாய வுட்டு அழ வராதுங்க. சின்ன வயசுலருந்தே அப்டி பழகிட்சி” என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். இருபத்தாறு வயதுப் பெண், படிப்பும் வேலையும் உள்ளவள், வாணியம்பாடியில் நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கிக் கணக்குச் சொல்லித் தருகிறவள், அப்பா பக்கத்தில் இருந்தால் வலிக்குக்கூட அழ முடியாதாம். இந்தப் பழக்கத்தை உனக்குப் பழக்கியது யார் என்று எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் மூன்று தாள் வீணானது.

நம் வீடு எப்படி இருந்தது என்பது உனக்கு மறந்திருக்காது. மார்கழியிலிருந்து வைகாசி வரை வானம் தெளிவாக இருக்கிற மாதங்களில் நான் விடிந்துதான் வீட்டுக்கு வருவேன். ஊர் எழுந்திருக்கும்போது நான் படுப்பேன். திருப்பத்தூரில் கறுப்புத் துணி வாங்கி, இரண்டு மடிப்பாகத் தைத்து, எல்லா ஜன்னலிலும் ஆணி அடித்து மாட்டினேன். என் அறைக்கு மட்டும் போட்டால் போதாதா என்று அம்மா கேட்டாள். கதவிடுக்கில் வெளிச்சம் வருகிறது என்று நடுக்கூடத்துக்கும் போட்டேன். நம் வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது. பருப்பைப் பாத்திரத்தில் போட்டு மணிக்கணக்கில் வேகவைப்பாள் அம்மா. டிவி ஊமையாக ஓடும். அழைப்பு மணியின் ஒயரை நானே பிடுங்கிவிட்டேன். “நைனா தூங்கறாரு” என்பதுதான் நீ பேசிய முதல் முழு வாக்கியம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். விடுமுறை நாட்களில் மற்றப் பிள்ளைகள் பலா மரத்தடியில் கத்திக்கொண்டிருக்க, நீ அந்த இருட்டில் டார்ச் அடித்துப் புத்தகம் படிப்பாய். சமர்த்துப் பெண் என்று ஊரே சொன்னது. எனக்கும் பெருமைதான்.

நீ வயதுக்கு வந்த பிறகு அந்தச் சமர்த்து இன்னும் கூடிப்போனது. மாதத்தில் மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள், பின்னறையில் சுருண்டு கிடப்பாய். வாந்தி எடுப்பாய். பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டரில் காய்ச்சல் என்று நான்தான் கையெழுத்துப் போடுவேன். எத்தனை காய்ச்சல் போட்டிருப்பேன்! அம்மா வெந்தயம் கொடுத்தாள், சோற்றுக் கற்றாழை கொடுத்தாள், படவேட்டில் ரேணுகாம்பாளுக்கு வேண்டிக்கொண்டாள். “எல்லாப் பொண்ணுங்களுக்கும் இருக்கறதுதான். கல்யாணம் ஆனா சரியாப் போய்டும்” என்று என் அக்கா ஒரு வரியில் தீர்ப்புச் சொன்னாள். பெண்கள் விஷயம் பெண்களே பேசி முடித்துவிட்டார்கள், நமக்கென்ன என்று எனக்கு அது வசதியாகவும் இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்திருந்தால் முதல் மாதமே வேலூருக்கு வண்டி பிடித்திருப்பேன்.

போன வருடம் நீ வகுப்பறையில் மயங்கி விழுந்த பிறகுதான் வேலூருக்குப் போனோம். ஸ்கேனில் சினைப்பையில் கட்டி இருந்தது. அந்த டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். கருப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு மாதிரியே ஒன்று வெளியே, சினைப்பையிலும் குடலோரத்திலும் வளர்கிறது. மாதா மாதம் அதுவும் கசிகிறது. வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிப் புண்ணாகிறது, ஒட்டிக்கொள்கிறது. எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் சொன்னார். “எத்தனை வருஷமா வலி?” என்று கேட்டார். நீ “பதிமூணு வருஷமா மேடம்” என்றாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டும்போது அவர் போகிற போக்கில் சொன்னார், “வைட்டமின் டி ரொம்பக் குறைஞ்சிருக்கு. வெயில்லயே போறதில்லையாம்மா?” அந்த ஒரு கேள்வி என் நெஞ்சில் ஆணியாக இறங்கியது. நம் வீடு இருக்கிற மலை மேல் வெயிலுக்கா பஞ்சம்? நான் மாட்டிய கறுப்புத் துணி கண் முன்னால் வந்தது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டேன். அவர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். “இருக்கலாம்னு சொல்றாங்க சார். இந்த நோய் இருக்கறவங்கள்ல சில பேருக்கு டி கம்மியா இருக்கறதப் பாத்திருக்காங்க. அப்டி ஒண்ணும் வித்தியாசம் இல்லைன்னு சொல்றவங்களும் இருக்காங்க. எது மொதல்ல வந்துச்சுன்னே தெரியாது. வலியால வெளியவே போகாம வீட்டுக்குள்ள படுத்திருந்தா, அதனாலயே டி கம்மியாகும் இல்லையா? குறைஞ்சிருக்கறத ஏத்துவோம், அது எலும்புக்கு நல்லது. ஆனா அது தனி, கட்டி தனி. கட்டிக்கு ஆபரேஷன்தான் என்னோட அபிப்ராயம்.”

இவ்வளவும் அவர் சொன்னார். என் காதில் விழுந்தது “இருக்கலாம்” என்ற ஒரே ஒரு சொல். அன்று இரவே ஆய்வகத்துக் கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் படித்து, தாள் தாளாக அச்சடித்து, “இருக்கலாம்” என்று வருகிற இடமெல்லாம் கோடு போட்டேன். “தெரியவில்லை” என்று வருகிற இடமெல்லாம் என் கண்ணில் படவே இல்லை. வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன், “ஆபரேஷன் கெடக்குது பாப்பா. மொதல்ல டி ஏறட்டும். ஒரு வருஷம் பாக்கலாம்.” நீ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரிங்க நைனா” என்றாய்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதே மாதத்தில்தான் படவேட்டிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தார்கள். ஆபரேஷன் என்றால் ஊருக்குத் தெரியும், தெரிந்தால் வந்தவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்று பயந்தேன். மருந்து என்றால் யாருக்கும் தெரியாது. வெயில் என்றால் கேட்கவே வேண்டாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு அந்த வைட்டமின் உதவியது. “மாப்ள வூட்ல இதப் பத்தி மூச்சு வுடாத” என்று உன்னிடம் சொன்னேன். நீ என் பேச்சைக் கேட்காமல் அந்தப் பையனிடம் எல்லாவற்றையும் சொன்னாய். அவன் என்ன சொன்னான் என்று அம்மா மூலம்தான் எனக்குத் தெரிந்தது. “மொதல்ல ஒடம்பப் பாரு. கல்யாணம் எங்க ஓடிடப் போவுது” என்றானாம். பார்த்து ஒரு மாதம்கூட ஆகாத பையனுக்குத் தோன்றியது, பதிமூன்று வருடம் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது பாப்பா.

அந்த ஒரு வருடத்தை நினைத்தால் எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது. வாரம் ஒரு பாக்கெட் வைட்டமின் தூளைப் பாலில் கலக்கி நானே உன் கையில் கொடுப்பேன். சனி, ஞாயிறு நீ வீட்டுக்கு வந்தால் பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் நிறுத்துவேன். கடிகாரம் வைத்துப் பார்ப்பேன். தொலைநோக்கியைக் குறி பார்த்து நிறுத்துகிற மாதிரி, “இப்டித் திரும்பு, கைய நீட்டு” என்பேன். நீயும் திரும்புவாய், நீட்டுவாய். வலி வந்த நாளிலும் நின்றாய். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாய். ஒரு சத்தம் வரவில்லை உன்னிடமிருந்து.

அப்படி நீ நின்ற ஒரு நாள் பச்சையம்மா புளி கொண்டுவந்தாள். நெல்லிவாசல் பக்கத்திலிருந்து கூடையைத் தலையில் வைத்து நடந்தும் ஜீப்பிலுமாக வருகிறவள், உனக்குத்தான் தெரியுமே. அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னா சாமி, பொண்ண வடகம் மாதிரி காயவெச்சிக்கினு கீறீங்க?” என்று சிரித்தாள். வெயில் படாததால்தான் உனக்கு மாதாந்திர வலி வந்திருக்கிறது என்று நான் பெரிய விஞ்ஞானி மாதிரி விளக்கினேன். அவள் சிரிப்பு நின்றுவிட்டது. “நானு வெயில்லதான் பொறந்தேன், வெயில்லதான் சாமை அறுத்தேன். எனக்கும் இதே மாதிரிதான், ஒவ்வொரு மாசமும் செத்துச் செத்துப் பொழப்பேன். கொழந்தையும் தங்கல. எனக்கு இன்னாத்துக்கு வந்திச்சு?” என்றாள். அவளுக்கு வந்ததும் இதே நோய்தானா என்பது யாருக்கும் தெரியாது. அவளை யாரும் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில்லை.

அம்மா அவளுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பச்சையம்மா ஊரில் மாதவிலக்கு நாட்களில் பெண்களைத் தனிக் குடிசையில் ஒதுக்கிவைப்பார்கள் என்பதை வைத்து, “அந்தக் காலத்து வழக்கம், பாவம்” என்று நான் ஏதோ சொன்னேன். படித்த வீடு என்ற நினைப்பு. மோரைக் குடித்துக்கொண்டே அவள் சொன்னாள், “குடிசையில ஒழுவும், குளிரும், எல்லாந்தான். ஆனா அங்க வாய வுட்டு அழலாம் சாமி. கூட கெடக்கறவ இடுப்ப அமுக்கி வுடுவா. கத்தினா யாரும் இன்னாத்துக்குன்னு கேக்க மாட்டாங்க.” மாடியில் நீ அதைக் கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டேன். கேட்டுவிட்டு அவளுக்குக் கூடையைத் தூக்கிவிட்டேன், அவ்வளவுதான் அன்று என்னால் முடிந்தது.

ஆடி மாதம் மறுபடி ரத்தம் பார்த்தோம். டி நன்றாக ஏறியிருந்தது. நான் ஆலங்காயத்தில் இறங்கி அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன், ஞாபகம் இருக்கிறதா? நீ அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “நம்பர் ஏறிடுச்சு நைனா. வலி எறங்கல” என்றாய். அடுத்த வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி முன்பைவிடப் பெரிதாகியிருந்தது. டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. “ஒரு வருஷம் போயிடுச்சு சார்” என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

சனிக்கிழமைகளில் தொலைநோக்கி பார்க்க வருகிறவர்களுக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். வானத்தில் இரண்டு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு இருப்பதாகத் தெரியும். ஒன்று நிஜமாகவே மற்றதைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இல்லாவிட்டால் ஒன்று எங்கேயோ, மற்றது அதற்கும் பின்னால் எங்கேயோ இருந்து, நாம் நிற்கிற இடத்திலிருந்து அப்படித் தெரியலாம். பொறுத்திருந்து அளந்து பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. சுற்றுலா வந்த பிள்ளைகளுக்குச் சொன்னதை நான் என் பெண் விஷயத்தில் மறந்துவிட்டேன். வைட்டமின் டிக்கும் உன் நோய்க்கும் நிஜமான தொடர்பு இருக்கலாம். நாளைக்கு யாராவது உறுதியாகக் கண்டுபிடித்தால் சந்தோஷம். ஆனால் அந்த நாள் வரைக்கும் உன்னை வலியோடு காக்கவைக்க எனக்கு உரிமை இல்லை.

நான் ஏன் மறந்தேன் என்றால், மறக்க விரும்பினேன். வெயில் இல்லாததுதான் காரணம் என்றால் குற்றம் ஜன்னலுடையது. துணியைக் கழற்றிவிடலாம், பாலில் தூளைக் கலக்கிவிடலாம், கணக்கு தீர்ந்துவிடும். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை இதுவரை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

நீ பத்தாம் வகுப்பு படித்த வருடம், பங்குனி மாதம். பரீட்சைக்குப் படிக்க விடுமுறை விட்டிருந்தார்கள். அம்மா மளிகை வாங்க ஆலங்காயம் போயிருந்தாள். நீயும் நானும் மட்டும் வீட்டில். விடிந்து வந்து படுத்தவனுக்குப் பத்து மணி வாக்கில் முழிப்பு வந்தது. பின்னறையிலிருந்து ஒரு சத்தம். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம். முதலில் நாய்க்குட்டியோ என்று நினைத்தேன் என்று உன்னிடம் சொல்லலாம், ஆனால் அது பொய். நீதான் என்று அந்த நொடியே தெரிந்தது. சுவரில் நீ தலையை மெல்ல முட்டிக்கொள்வதும் கேட்டது. எழுந்து நாலு அடி வைத்தால் உன் கதவு. அன்று வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குத் தொலைநோக்கி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தூக்கம் கெட்டால் வேலை கெடும் என்று நினைத்தேன். இது பெண்கள் சமாசாரம், உள்ளே போய் என்ன கேட்பது என்றும் நினைத்தேன். சுவர்ப் பக்கம் இருந்த முகத்தை இந்தப் பக்கம் திருப்பி, போர்வையைக் காதுவரை இழுத்துக்கொண்டேன். தூக்கம் வரவில்லை. சத்தம் நிற்கும் வரை கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். வெகு நேரம் ஆயிற்று நிற்க.

சாயந்திரம் நீ எனக்கு டீ கொண்டுவந்தாய். முகம் வெளுத்திருந்தது, தலை வாரியிருந்தாய். “சத்தம் கேட்டு எழுந்துட்டீங்களா நைனா?” என்று கேட்டாய். நான், “இல்லியே பாப்பா, நல்லாத் தூங்கினேன்” என்றேன். உன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பதினைந்து வயதுப் பெண், தன் வலி அப்பாவைத் தொந்தரவு செய்யவில்லை என்று நிம்மதிப்பட்டாய். அந்த முகம் என்னை விட்டுப் போகவே இல்லை. அன்று நான் எழுந்து வந்திருந்தால் உனக்குப் பதினோரு வருடம் மிச்சமாகியிருக்கும். நீ அழ வேண்டிய நேரத்தில் அழுதும் இருப்பாய்.

புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அப்பன் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள். ஆபரேஷனோடு எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்துக்கொள்ளாதே, மறுபடி வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வந்தால் முதல் நாளே வாயைத் திற. ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும் என்று நாலு பேர் சொல்வார்கள், என் அக்கா நிச்சயம் சொல்வாள். சிரித்துவிட்டு டாக்டரைக் கேள். வைட்டமின் தூள் பாக்கெட்டை நிறுத்திவிடாதே, அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எலும்புக்கு வேண்டியதை டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடு, அதற்கு மேல் வேண்டாம். போகிற வீட்டில் சமர்த்து என்று பெயர் வாங்காதே பாப்பா. நீ வாங்கிய அந்தப் பெயருக்கு எவ்வளவு கொடுத்தாய் என்று நான் பார்த்துவிட்டேன். உன் வகுப்பில் மாதா மாதம் ஒரு பெண் காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொண்டுவந்தால், அவள் அப்பாவைக் கூப்பிட்டுப் பேசு. அம்மாவை அல்ல, அப்பாவை.

நேற்று எல்லா ஜன்னலிலும் இருந்த கறுப்புத் துணியைக் கழற்றிவிட்டேன். ஆணி துருப்பிடித்து வர மாட்டேன் என்றது, கையைக் கிழித்துக்கொண்டேன். “இத்தினி வருஷம் கழிச்சு இன்னா ஞானோதயம்?” என்று கேட்டுவிட்டு, அம்மா அந்தத் துணியைக் கிழித்து அடுப்படிக்குப் பிடிதுணி ஆக்கிவிட்டாள். மழை வெளிச்சம்தான், ஆனாலும் வீடு முழுக்க வருகிறது. பின்னறைச் சுவரில், நீ படுக்கிற இடத்தில், தலை உயரத்துக்கு எண்ணெய்ப் பிசுக்காக ஒரு கறை இருக்கிறது. இருட்டில் இத்தனை வருடம் தெரியவில்லை. நான் அதைத் துடைக்கவில்லை.

புதன்கிழமை நான் வேலூருக்கு வருகிறேன். கோபித்துக்கொள்ளாதே, உன் அறைக்குள் வர மாட்டேன். நீ கூப்பிட்டால்தான் வருவேன். வெளியே நடையில் கதவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். மயக்கம் தெளிந்து வலி ஆரம்பித்ததும் உன் கை துண்டைத் தேடும், எனக்குத் தெரியும். துண்டை உன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்து பாப்பா.

நைனா தூங்கல. முழிச்சிக்கினுதான் கீறேன்.